ஏற்காடு மலைப்பாதை: 125 சிசி வண்டியில் இருவர் போய்வர என்ன தயாரிப்பு வேண்டும்?

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவருடையது 125 சிசி, ஐந்து கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மனைவியுடன் ஏற்காடு போய்விட்டு இறங்கும்போது பாதி மலையில் பின் பிரேக் மிதி அடிவரைக்கும் போயிருக்கிறது, கருகிய வாடை வந்திருக்கிறது. அடிவாரத்தில் அரை மணி நேரம் நிறுத்திய பிறகு பழையபடி பிடித்திருக்கிறது. மெக்கானிக் பிரேக் நட்டை நாலு சுற்று முறுக்கி, "ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவிட்டாராம். இதே வண்டியில் மறுபடியும் போகலாமா, ஏற்காட்டைச் சுற்றிவரும் லூப் ரோட்டையும் சுற்ற வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது கேள்வி.

போகலாம். 125 சிசி வண்டி இரண்டு பேரோடு ஏற்காடு ஏறத் தாராளமாகப் போதும். ஆனால் உங்கள் பின் பிரேக்குக்கு "ஒண்ணும் இல்லை" என்பது சரியில்லை. அதைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடியும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மலைக்குக் கிளம்புகிறவர்கள் வண்டி ஏறுமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். ஏறாவிட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காவிட்டால்தான் ஆபத்து. அதனால் தயாரிப்பு முழுவதையும் இறக்கத்தை மனதில் வைத்தே செய்யுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து மேலே சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் ஊரைவிடக் கொஞ்சம் மேட்டில் இருப்பதால், இந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். வண்டி, இரண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 280 கிலோ என்று வைத்தால், இறங்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 30 லட்சம் ஜூல். ஒன்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. அதை எஞ்சின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காற்று கொஞ்சம் வாங்கும், மீதியெல்லாம் பிரேக்குக்கு. எஞ்சினுக்குக் கொடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே ஒரு பின் டிரம்மின் தலையில் கட்டினால் என்ன ஆகுமோ அதுதான் உங்களுக்கு ஆகியிருக்கிறது.

டிரம் ஒரு மூடிய பெட்டி. உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மின் உள்சுவரை உரசுகின்றன. சூடு வெளியேற வழி குறைவு. டிரம் சூடாகும்போது வெளிப்பக்கமாக விரியும், அதனால் ஷூ அதைத் தொட இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கும். மிதி ஆழமாகப் போவதற்கு இது முதல் காரணம். இரண்டாவது, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையை, அதாவது லைனிங்கை, பிணைத்திருக்கும் பிசின் அதிகச் சூட்டில் வாயுவாகக் கசியும். அந்த நேரத்தில் உராய்வு சட்டென்று குறைந்துவிடும். கருகிய வாடை அதுதான். ஆறிய பிறகு பிரேக் திரும்ப வந்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் லைனிங்கின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இறுகியிருக்கும். ஊருக்குள் 40-இல் போகும்போது வித்தியாசம் தெரியாது. அடுத்த மலையில் போன தடவையைவிடச் சீக்கிரமாகவே கைவிட்டுவிடும்.

எனவே பின் சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். லைனிங் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, ஓரம் வெடித்திருந்தாலோ ஷூ செட்டை மாற்றிவிடுங்கள். விலை பெரிதில்லை. தடிமன் இருக்கிறது, மேல்பரப்பு மட்டும் பளபளப்பாக இருக்கிறது என்றால் சொரசொரப்பான உப்புத்தாளால் அந்தப் பளபளப்பு போகும்வரை தேய்த்து, டிரம்மின் உள்பக்கத்தையும் லேசாகத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஷூக்களை விரிக்கும் பிரேக் கேம் சுழலும் தண்டில் சிட்டிகை கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கிவிடும், கிரீஸ் பட்ட ஷூ பிறகு உதவாது. புது ஷூ போட்டதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். டிரம்மோடு ஒட்டி உட்கார ஊருக்குள் நூறு, இருநூறு கிலோமீட்டராவது ஓட வேண்டும்.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று. உங்கள் பிரேக் சூடானதற்கு உங்கள் கால் மட்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். செயின் தொய்வைச் சரிசெய்ய பின் அச்சைப் பின்னால் தள்ளுவார்கள். சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடும் கூடவே இழுபடும், மிதியில் இருக்க வேண்டிய பிளே (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் மிதி வெறுமனே போகும் தூரம்) குறைந்துவிடும். செயினை டைட் செய்துவிட்டு பிரேக் நட்டைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டால் ஷூ டிரம்மை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். ஊருக்குள் மைலேஜ் கொஞ்சம் குறையும். மலையில் கருகும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். செயின் சத்தம் கேட்கலாம், ஆனால் சக்கரம் 'சர்ர்' என்று உரசிப் பாதியில் நிற்கக் கூடாது. மிதியின் நுனியில் பிளே 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வண்டியோடு வந்த மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. மெக்கானிக் முறுக்கிவிட்ட அந்த நாலு சுற்றையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். மிதி உயரமாக இருப்பது நல்ல பிரேக் என்று நினைத்து உரசும் அளவுக்கு டைட் வைத்திருக்கிறார்கள் என்றால் பிரச்சினை இன்னும் பெரிதாகத்தான் ஆகியிருக்கும்.

டிரம்முக்கு வெளியே, கேம் நெம்புகோலை ஒட்டி ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். மிதியை முழுவதும் அழுத்தும்போது அது பிரேக் தட்டிலுள்ள கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ ஷூவின் ஆயுள் முடிந்தது. நட்டை எத்தனை முறுக்கினாலும் பயன் இல்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான 125 சிசி வரையிலான வண்டிகளில் சிபிஎஸ் கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் இருக்கும். பின் மிதியை அழுத்தினால் ஒரு கேபிள் வழியாக முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்பக்கத்தை ஒருவர் அழுத்த, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதைச் சுழற்றியபடி பின் மிதியை மிதித்தால் முன் சக்கரம் தடைபட வேண்டும். தடைபடவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. டிஸ்க் வண்டி வைத்திருப்பவர்கள் பிரேக் ஆயிலைப் பாருங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஆயில் கொதித்து நீராவிக் குமிழ் உண்டாகிவிட்டால் லீவர் கைப்பிடி வரைக்கும் வெறுமனே போகும்.

டயரில் சீக்கிரம் முடித்துவிடலாம். பின்னால் ஆள் உட்காரும்போது வைக்க வேண்டிய காற்று அளவு செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலான 125 வண்டிகளில் முன்பக்கம் 25, பின்பக்கம் 33 பிஎஸ்ஐயை ஒட்டி வரும். டயர் குளிர்ந்திருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டி ரப்பர் இறுகியிருந்தால் பட்டன் (டயரின் மேலுள்ள கட்டைகள்) மீதமிருந்தாலும் ஈரமான வளைவில் வழுக்கும். பின் ஷாக்கின் ஐந்து படிகளில் இருவருக்கு மூன்றாவது அல்லது நான்காவது படி சரியாக இருக்கும். அப்படிச் செய்யாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், இடது வளைவில் ஸ்டாண்டும் தரையில் தட்டலாம்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அஸ்தம்பட்டியிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு கோரிமேடு வழியாக அடிவாரம் வந்துவிடுங்கள். உயரே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். ஏற்காட்டில் எஞ்சினின் பலம் பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்திருக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில் அது தெரியும், இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகும் எஃப்ஐ வண்டி பெட்ரோல் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். மூன்றாவது கியரில் 25-இல் வண்டி குலுங்கி முனகினால் உடனே இரண்டுக்கு இறக்குங்கள். வலுக்கட்டாயமாக மேல் கியரில் இழுத்தால்தான் எஞ்சின் சூடாகும், கொஞ்சம் அதிக ஆர்.பி.எம்.மில் ஓடுவதால் ஒன்றும் கெடாது. கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு வளைவு ஏறும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிளட்ச் தட்டுகள் கருகி, பிறகு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் மட்டும் கூடும், வேகம் கூடாது.

பேருந்துக்குப் பின்னால் ஏறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கொண்டை ஊசியில் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். சில சமயம் வளைவின் நடுவில் நின்று, கியர் போட்டு எடுக்கும்போது ஓரடி பின்னால் உருளும். இரண்டு பேருந்து நீளம் இடைவெளி விட்டு, வளைவுக்கு முன்னாலேயே சமதளம் பார்த்து நில்லுங்கள். இடதுபக்கம் இடம் இருக்கிறதே என்று நுழைந்தால், பேருந்தின் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும்போது உங்களுக்கும் மலைச்சுவருக்கும் நடுவே இடமே இருக்காது.

இப்போது இறக்கம். ஏறும்போது அந்த இடத்தில் எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர், அல்லது ஒன்று கீழே. உங்கள் வண்டிக்கு வளைவுகளில் இரண்டு, நடுவிலுள்ள நேர் பகுதிகளில் இரண்டு அல்லது மூன்று. ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு, கிளட்சைத் தொடாமல் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். கியரைக் குறைப்பது வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் சாய்ந்த பிறகு கியர் குறைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின் சக்கரம் ஒரு கணம் பூட்டி வழுக்கும்.

அப்படியும் வேகம் ஏறும், அதற்குத்தான் பிரேக். காலை மிதியிலேயே வைத்து லேசாக அழுத்திக்கொண்டே 20 கிலோமீட்டரும் இறங்குவதுதான் டிரம்மைக் கொல்லும் முறை, பின் பிரேக் கருகிய பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். அதற்குப் பதில், வேகம் 30-ஐத் தொடும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து இரண்டு மூன்று விநாடிக்குள் 20-க்குக் கொண்டுவந்து, முழுவதுமாக விட்டுவிடுங்கள். காலை மிதியை விட்டு எடுத்து ஃபுட்ரெஸ்ட்டில் வையுங்கள். விட்ட நேரத்தில்தான் டிரம் ஆறுகிறது. இறக்கத்தில் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுவதால் முன் பிரேக்குக்குத்தான் பிடிமானம் அதிகம். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்புவது மலையில் வேலைக்காகாது. வண்டி நேராக இருக்கும்போது, படிப்படியாக அழுத்தினால் முன் பிரேக் விழ வைக்காது. மணல் அல்லது ஈர இலை கிடக்கும் இடத்தில், அதுவும் வண்டி சாய்ந்திருக்கும்போது பிடித்தால் விழ வைக்கும். எனவே வேகத்தைக் குறைக்கும் வேலையை வளைவின் வாசலிலேயே முடித்துவிடுங்கள். கொண்டை ஊசிக்குள் 12, 15 கிலோமீட்டர் வேகம் போதும்.

வலதுபக்கம் திரும்பும் வளைவில் எதிர்த் தடத்தை வெட்டிப் போகாதீர்கள். வளைவுக்கு அப்பால் ஏறி வருகிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அகலம் போதாத இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலிலோ, சாவியை அணைத்தோ இறங்குகிறவர்கள் சேலம் பக்கம் இன்னமும் நிறைய. இதில் மிச்சமாவது ஒன்றும் இல்லை. எஃப்ஐ வண்டியில் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் இறங்கினால்தான் ஐடிலிங் ஓட்டத்துக்குப் பெட்ரோல் செலவாகும். ஸ்கூட்டரில் போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வேகம் குறைந்து எஞ்சின் சுற்று இறங்கியதும் ஸ்கூட்டரின் தானியங்கி கிளட்ச் விடுபட்டுவிடும், அதன் பிறகு எஞ்சின் தடுப்பு கிடையாது. ஆக்சிலேட்டரை மிக லேசாகக் கொடுத்து எடுத்தால் கிளட்ச் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஸ்கூட்டரில் இருவர் இறங்கினால் நாலைந்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி ஆற விடுவதுதான் சரி.

இத்தனைக்கும் பிறகு பிரேக் தளர்ந்தால், மிதியை வேகவேகமாக உதைக்காதீர்கள், டிரம்மில் அதனால் பயன் இல்லை. கியரை ஒவ்வொன்றாக முதல் கியர் வரை இறக்கி, முன் பிரேக்கோடு, மலைச்சுவர்ப் பக்கம் அகலமான இடத்தில் நிறுத்துங்கள். வளைவின் உள்பக்கத்தில் வேண்டாம். அரை மணி நேரம் காத்திருங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கக் கூடாது, சூடான டிரம் கோணிக்கொள்ளும் அல்லது விரிசல் விடும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும் சூடு அது. டிஸ்க் வண்டியில் மட்டும் லீவரை நாலைந்து தடவை வேகமாக அழுத்தினால் கொஞ்சம் அழுத்தம் திரும்பும். அதை வைத்து நிறுத்திக்கொள்ளலாம்.

லூப் ரோடு 32 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்ற இறக்கம் குறைவு, ஆனால் சாலை குறுகல். இரண்டு பக்கமும் காபிச் செடி, மேலே சில்வர் ஓக் நிழல். நிழலான இடத்தில் ஈரம் மதியம் வரை காயாது, அதன் மேல் சருகு விழுந்து படிந்திருக்கும். தோட்டத்திலிருந்து சாலையில் ஏறும் ஜீப், டிராக்டர் சக்கரங்கள் செம்மண்ணைக் கொண்டுவந்து போடும். நவம்பர் முதல் ஜனவரி வரை காபி பறிப்புக் காலம், அப்போது இந்த நடமாட்டம் அதிகம். குரங்குக்குத் தீனி போடாதீர்கள், பையைக் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு வியூ பாயின்ட்டுக்குப் போகாதீர்கள். இருட்டிய பிறகு காட்டெருமை சாலைக்கு வரும். பார்த்தால் தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், அது கடந்து போகும்வரை காத்திருங்கள்.

இங்கே பஞ்சர் ஆனால் ஆள் தேடுவது சிரமம் என்பதால் கையோடு சாமான் இருக்கட்டும். டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட் போதும். ஆணி எந்தக் கோணத்தில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு குறடால் இழுங்கள். அதே கோணத்தில் அரத்தை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கித் துளையைச் சொரசொரப்பாக்குங்கள். ஊசியில் பஞ்சர் நூலை நடுவில் கோத்து, இரண்டு முனையும் ஒரு விரற்கடை வெளியே நிற்கும் அளவுக்கு உள்ளே அழுத்தி, ஊசியைச் சுற்றாமல் வெடுக்கென்று இழுங்கள். நூல் உள்ளே தங்கும். காற்றடித்து, எச்சில் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். காற்றுக்கு மின் கம்ப்ரசரைவிட மிதி பம்ப் உங்களுக்கு நல்லது. கம்ப்ரசர் பத்து ஆம்பியர் வரை இழுக்கும், 125 சிசி வண்டியின் சின்ன பேட்டரி அதைத் தாங்காது. டியூப் டயர் என்றால் சாலையோரத்தில் சக்கரம் கழற்றப் பழகாதவர்கள் முயல வேண்டாம். மெதுவாக உருட்டிக்கொண்டு ஏற்காடு ஊருக்குள் வருவதுதான் வழி.

நேரம். கோடையில் காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் கூட்டமும் வெயிலும் இல்லாமல் ஏறிவிடலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை காலைப் பனிமூட்டம் விலக எட்டு மணி ஆகும். மேலே சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு, நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல் விறைத்து லீவரை அளவாகப் பிடிக்க வராது. மழைக்கோட்டு சீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும். மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போட்டு இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் பெரும்பாலும் அடிவாரம் வழியாக ஏறவும் குப்பனூர் வழியாக இறங்கவும் ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். கிளம்பும் முன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெருமழைக்குப் பிறகும் அப்படித்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தொடர் மழை பெய்து ஓய்ந்த மறுநாளே கிளம்ப வேண்டாம், கல் உருள்வது மழை விட்ட பிறகும் தொடரும்.

பின்னால் உட்காருகிறவருக்கும் பட்டை மாட்டிய ஐஎஸ்ஐ ஹெல்மெட் வேண்டும். புடவை முந்தானையும் துப்பட்டாவும் இடுப்பில் இறுகச் செருகியிருக்கட்டும். சாரி கார்டு இருந்தாலும் காற்றில் பறக்கும் துணி செயினுக்குள் போகும். இறக்கத்தில் அவர் உங்கள் மேல் சரிந்து வந்தால் அந்த எடை உங்கள் மணிக்கட்டுக்கு வரும், முன் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாமல் போகும். பின்னாலுள்ள கம்பியை ஒரு கையால் பிடித்து, கால்களை ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி உட்காரச் சொல்லுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து மலை ஏறுவது வேண்டாம்.

கொல்லிமலைக்கும் போக ஆசை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஷூக்களோடு ஏற்காட்டைக் கருகாமல் ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டு அதைப் பற்றி யோசிக்கலாம். எப்படித் தெரியும் என்றால், ஊர் திரும்பிய மறுநாள் வண்டி குளிர்ந்த நிலையில் மிதியின் பிளேயை அளந்து பாருங்கள். கிளம்பும்போது இருந்ததைவிட ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் இன்னும் பின் பிரேக்கை அதிகமாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள். சக்கரத்தைச் சுழற்றி உரசல் இருக்கிறதா பாருங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், தொய்வை அளந்து சரிசெய்யுங்கள். செயினைத் தொட்டால் பிரேக் நட்டையும் கூடவே பாருங்கள்.